தங்கை போட்ட நாற்காலி

அத்தியாயம் 17

தங்கை மகள் இடைராவின் ஃபோனை வைத்த பிறகு குவாசிமாரா சமையலறையிலேயே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாள். அங்கேதான் போன வாரம் அவளை விட்டிருந்தோம்.

"பெரியம்மா, வியாழக்கிழமை டூர் வண்டியோட இந்தப் பக்கம் வருவேதானே? கொஞ்ச நேரம் நம்ம குடாவுக்கு வந்துட்டுப் போயேன். அம்மாகிட்ட நான் சொல்லலை. நீயா வந்த மாதிரி வா."

அந்தப் பெண் சொன்னது இவ்வளவுதான். ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

நடுவில் படிக்க ஆரம்பித்தவர்களுக்காகக் கொஞ்சம். குவாசிமாரா பிறந்தது ஃபுவெர்த்தவெந்துரா தீவில். வாழ்க்கைப்பட்டது எதிரே தெரிகிற லான்சரோத்தே தீவில். இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரை விளக்கு தெரியும். கப்பலில் ஏறி ஒரு காபி குடித்துவிட்டு வாயைத் துடைத்தால் வந்துவிடும். ஆனாலும் மூன்று ஆகஸ்டாக அவள் தன் தங்கை யுரேனாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

காரணம் கல். வைரக்கல் இல்லை, கடற்கரைக் கல். ஆகஸ்ட் வந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கடற்கரையில் கூடாரம் போட்டுக் கிடப்பது எங்கள் வழக்கம். காற்றைத் தடுக்க ஆளுக்கு ஓர் அரைவட்டச் சுவர், கல்லை அடுக்கிக் கட்டிக்கொள்வோம். குவாசிமாராவின் கணவன் ஃபெர்மின் தன் சுவரை உயர்த்துவதற்காக யுரேனாவின் சுவரிலிருந்து கல்லை உருவினான். கேட்டால், "கடவுள் போட்ட கல்லுக்கு நீ என்ன பட்டா வெச்சிருக்கியா?" என்றான். பேச்சு தடித்தது. குவாசிமாரா புருஷன் பக்கம் நின்று, "இனிமே இந்த மணல்ல கால் வெக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கூடாரத்தைச் சுருட்டினாள்.

யாருக்காக அதைச் சொன்னாளோ அவன் அடுத்த வருஷமே அர்ரெசிஃபே நகரத்தில் வேறொருத்தியோடு குடித்தனம் போய்விட்டான். மகன் ஐராம் ஜூன் மாதம் தெனெரிஃபே தீவில் ஹோட்டல் வேலை என்று கிளம்பிப் போனான். வீட்டில் இப்போது அவளும் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தமும்தான்.

டூர் வண்டி ஓட்டுகிற வேலையில் அவளுக்குச் சனிக்கிழமையிலிருந்து லீவு. போக இடமில்லாதவர்களுக்கு லீவு என்பது ஒரு தண்டனை. அதனால் இடைரா கூப்பிட்டதைச் சாக்காக வைத்து அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். தங்கையிடம் நேரில் போய், குடாவில் தன் பழைய இடத்தைக் கேட்டுவிடுவது. மிச்ச ஆகஸ்டை அங்கே கழிப்பது. கூடாரம் போட நாலு அடி மணலும், பக்கத்தில் யாராவது குறட்டை விடுகிற சத்தமும் கிடைத்தால் அவளுக்குப் போதும்.

*

வியாழக்கிழமை காலை துறைமுகத்துக்குப் போகிற வழியில் பேக்கரியில் வண்டியை நிறுத்தினாள். பாதாம் கேக் ஒரு பெட்டி, ரிப்பன் கட்டி.

"யாருக்குப் பிறந்தநாள்?" என்று கேட்டாள் கடைக்காரி.

"யாருக்கும் இல்லை. சொந்தக்காரங்களைப் பார்க்கப் போறேன்."

சொந்தக்காரங்க என்று தன் வாயில் வந்தது அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. கூடப் பிறந்தவளைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். பெட்டியை டிரைவர் சீட்டுக்குப் பின்னால், வெயில் படாத இடமாகப் பார்த்து வைத்தாள்.

வண்டியில் அன்றைக்கு ஆறு பேர். மூனிக்கிலிருந்து வந்த மூன்று செவிலிப் பெண்கள். தொப்பி யாருடையது என்பதில் தொடங்கி எல்லாவற்றுக்கும் சண்டை பிடிக்கிற ஒரு கலீசியா தம்பதி. அயர்லாந்திலிருந்து தனியாக வந்திருந்த மொரீன். மொரீன் ரிட்டயர்டு டீச்சர். முன் சீட்டில் குவாசிமாராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கப்பலில் ஏறுவதற்குள் அவளுடைய வயது, சம்பளம், முழங்கால் வலி மூன்றையும் தெரிந்துகொண்டுவிட்டாள்.

எதிர்த்தீவின் கொர்ராலெஹோ துறைமுகத்தில் கரையிறங்கி நேராக மணல்மேடுகளுக்குப் போனார்கள். வடக்குக் காற்று ஆகஸ்டுக்கே உரிய முறையில் வீசிக்கொண்டிருந்தது. செவிலிப் பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேட்டின் மேல் ஓடினார்கள், உருண்டு இறங்கினார்கள், மறுபடி ஓடினார்கள். கலீசியாக்காரரின் தொப்பி பறந்தது. அவர் மனைவி, "கயிறு கட்டுங்கன்னு நேத்தே சொன்னேன்" என்று அதன் பின்னால் போனாள். தொப்பியைவிட அந்தப் பேச்சு தூரமாகக் கேட்டது.

மொரீன் மட்டும் வண்டி நிழலிலேயே நின்றாள்.

"நீங்க ஏறலையா?" என்று குவாசிமாராவைக் கேட்டாள்.

"இந்த மணலை வாரத்துக்கு நாலு நாள் தலையிலேர்ந்து அலசறேன். எனக்கு இது போதும்."

மொரீன் சிரித்தாள். "காலையிலேர்ந்து நான்தான் கேள்வி கேட்டுட்டிருக்கேன். நீங்க ஒண்ணுமே கேக்கலை. ஏன் தனியா வந்தீங்கன்னு எல்லாரும் கேப்பாங்க."

"கேட்டா, அப்புறம் நீங்க என்னைக் கேப்பீங்க."

"அதுவும் சரிதான்" என்றாள் மொரீன். பிறகு இரண்டு பேரும் சும்மா நின்று, மற்றவர்கள் மணலில் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. நாள் முழுக்க ஆட்கள் சூழ இருப்பாய். பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். சாயங்காலம் ஹோட்டல் வாசலில் இறங்கியதும் உன் பெயர் அவர்களுக்கு மறந்துபோகும். வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தால் காலையில் வைத்த கோப்பை வைத்த இடத்தில் இருக்கும். முன்பெல்லாம் குவாசிமாரா இதை நினைத்ததில்லை. இந்தக் கோடையில் அடிக்கடி நினைத்தாள்.

எல்லோரும் மணலை உதறிவிட்டு ஏறியதும் கண்ணாடியில் தலைகளை எண்ணினாள்.

"வழக்கமா குளிக்கிற இடத்துல இன்னிக்குக் காத்து அதிகம். வேற ஒரு குடாவுக்குக் கூட்டிட்டுப் போறேன். தண்ணி அசையாம நிக்கும்" என்றாள்.

காற்று இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் யாருக்குத் தெரியப்போகிறது?

*

வடக்குக் கரையின் மண்பாதையில் வண்டி குலுங்கிக் குலுங்கிப் போயிற்று. கடைசி வளைவு திரும்பியதும் குடா தெரிந்தது. தார்ப்பாய்கள், கேரவன்கள், கொடிக்கயிற்றில் துண்டுகள், காற்றுக்கு அணைத்துக் கட்டிய கருங்கல் சுவர்கள். எல்லாம் அப்படியே இருந்தன.

அவள் கண் முதலில் தேடியது தன் இடத்தை. யுரேனாவின் பெரிய கூடாரத்துக்கு வலப் பக்கம், பாறையை ஒட்டி. அங்கே ஒரு பச்சைக் கூடாரம் நின்றுகொண்டிருந்தது. வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

யாரோ வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று வருஷம் காலியாக வைத்திருப்பார்களா என்ன? அப்படித் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு இறங்கினாள்.

இடைரா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பத்தொன்பது வயதுப் பெண், வெயிலில் மூக்குத் தோலுரிந்திருந்தது. "பெரியம்மா, எது தெரிஞ்சாலும் கோவிச்சுக்காதே" என்று காதோடு சொன்னாள். என்ன என்று கேட்பதற்குள் யுரேனா வந்துவிட்டாள். கையில் மீன் செதில்.

தங்கை இளைத்திருந்தாள். முன்தலை நரைத்திருந்தது. அம்மா இருந்தால் இப்போது இப்படித்தான் இருப்பாள் என்று குவாசிமாராவுக்குத் தோன்றியது.

"வாங்க, எல்லாரும் வாங்க" என்றாள் யுரேனா, ஆறு பேரையும் அவளையும் சேர்த்து. பிறகு பெட்டியைப் பார்த்தாள். ரிப்பனைப் பார்த்தாள். "இதெல்லாம் எதுக்கு?" என்று வாங்கி மேஜைமேல் வைத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பெரிய அண்டாவில் மீன் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. உப்புப் பூத்த உருளைக்கிழங்கு ஒரு தட்டு, சிவப்பு மோஹோ மிளகாய்ச் சாந்து ஒரு கிண்ணம், வறுத்த கோஃபியோ மாவு. எங்கள் கடற்கரையில் காலடி வைத்தவரைச் சாப்பிடாமல் அனுப்புகிற பழக்கம் கிடையாது. செவிலிப் பெண்கள் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

கலீசியாக்காரர் குவாசிமாராவின் காதருகில் குனிந்தார். "இது டிக்கெட்லயே சேர்த்தியா?"

"சும்மா சாப்பிடுங்க" என்றாள் அவர் மனைவி. "போற இடத்துல எல்லாம் மானத்தை வாங்கணுமா?"

யுரேனா உள்ளே போய் மடக்கு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்தாள். அதைத் துணியால் துடைத்து, நிழல் பார்த்துப் போட்டாள்.

"உக்காரு" என்றாள் அக்காவிடம்.

இது என்ன பெரிய விஷயம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். கூடாரத்தில் வீட்டு மனுஷர்கள் யாரும் நாற்காலியில் உட்கார மாட்டார்கள். மணல் இருக்கிறது, ஐஸ் பெட்டி இருக்கிறது, கவிழ்த்துப் போட்ட வாளி இருக்கிறது. பசித்தவன் கரண்டியை எடுத்துத் தானே போட்டுக்கொள்வான். நாற்காலி விருந்தாளிக்கு. தட்டில் பரிமாறிக் கையில் கொடுப்பதும் விருந்தாளிக்கு.

கலீசியாக்காரர் சொந்த வீடு மாதிரி ஐஸ் பெட்டியின்மேல் உட்கார்ந்து உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டார். அவர் மனைவி மணலில். மொரீன் வாளியில். கூடப் பிறந்தவள் ஒருத்திதான் நாற்காலியில். யுரேனா தட்டு நிறையப் போட்டு, கரண்டியைத் துடைத்து வைத்து, அக்காவின் கையில் கொடுத்தாள்.

"போதுமா? இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

"போதும்" என்றாள் குவாசிமாரா.

அந்தச் சாற்றின் ருசி அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ஒரு வாய்கூட இறங்கவில்லை. நன்றாக நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு சிரித்திருப்பாள். இந்த மரியாதையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

*

சாப்பிட்டு முடித்துக் கொஞ்சம் ஓய்ந்ததும் விருந்தினர்கள் குளிக்கப் போனார்கள். இடைரா கூடப் போய் எங்கே ஆழம், எங்கே பாறை என்று காட்டினாள். பெண்கள் கூச்சலிட்டுக்கொண்டு தண்ணீரில் விழுந்தார்கள். மொரீன் மார்பளவு தண்ணீருக்குப் போய் மல்லாந்து மிதக்க ஆரம்பித்தாள். அவள் தனியாக மிதப்பதைப் பார்க்கக் குவாசிமாராவுக்கு என்னவோ செய்தது.

இங்கே சகோதரிகள் இரண்டு பேர், நடுவில் ஓர் அண்டா.

"தண்ணி நல்லா இருக்கு. நீயும் இறங்கலாமே" என்றாள் யுரேனா.

"டியூட்டியில இறங்கக் கூடாது."

"ஓ. டியூட்டியிலதான் வந்திருக்கியா?"

"அப்படி இல்ல, யுரே."

"பின்னே எப்படி?" யுரேனா தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். வேண்டியதற்கு மேலேயே சத்தம் வரும்படி அடுக்கினாள். "மூணு வருஷமா வாராவாரம் உன் வண்டி மேல் ரோட்ல போறது இங்கேர்ந்து தெரியுது. திரும்பிப் பார்த்ததில்லே. இன்னிக்குப் பேக்கரிப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கறே. நம்ம வீட்டு ஜனம் எவளாவது இங்கே பெட்டியோட வந்திருக்காளா? ஐஸ் கொண்டு வருவோம். தண்ணி கேன் கொண்டு வருவோம். கரி கொண்டு வருவோம். அவங்கவங்க பங்கு. ரிப்பன் கட்டின பெட்டி யார் கொண்டு வருவா?"

குவாசிமாராவுக்கு அப்போதுதான் உறைத்தது. வெறுங்கையோடு போகக் கூடாது என்று நினைத்தவள், எதைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்பதை மறந்திருந்தாள்.

"நீ பெட்டியோட வந்தே. நான் நாற்காலி போட்டேன்" என்றாள் யுரேனா.

"அதெல்லாம் யோசிச்சுச் செய்யலை."

"யோசிக்காம செஞ்சதுதான் எனக்கு உறுத்துது. சரி, என்னை விடு. உன் பிள்ளையைப் பத்தியாவது ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? ஒரு மாசமா என் கையால சாப்பிடறான். ஒழுங்கா இருக்கானா, படுத்தறானான்னு ஒரு ஃபோன் உண்டா உன்கிட்டேர்ந்து? கேட்டா, 'அம்மாதான் அனுப்பி வெச்சா, சித்தி'ங்கறான். பிள்ளையை அனுப்பத் தெரியுது. நீ வரத் தெரியலை."

குவாசிமாரா தட்டைக் கீழே வைத்தாள்.

ஐராம். தெனெரிஃபேயில் இருக்கிற ஐராம். போன ஞாயிற்றுக்கிழமைகூட ஃபோனில், "இங்கே ரொம்பக் கூட்டம்மா, மூச்சுவிட நேரமில்லே" என்ற ஐராம்.

பச்சைக் கூடாரத்தின் வாசலில் கிடந்த செருப்பை மறுபடி பார்த்தாள். போன வருஷம் அவளே வாங்கிக் கொடுத்தது. வண்டியிலிருந்து பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை.

நெஞ்சில் என்ன நடந்ததென்று சொல்ல எனக்கு வார்த்தை போதாது. பெற்ற பிள்ளை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், எதிர்க்கரையில், ஒரு மாதமாக இருந்திருக்கிறான். அவள் ராத்திரி பால்கனியில் நின்று பார்ப்பாளே, அந்த விளக்குகளில் ஒன்றின் அடியில்.

எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடலாம். சொன்னால் யுரேனா என்ன செய்வாள்? பொய் சொல்லிச் சோறு தின்றவனை ஒரு நிமிஷம் இங்கே வைத்திருக்க மாட்டாள். எல்லார் முன்னாலும் கேட்பாள், விரட்டுவாள். அவன் எங்கே போவான்?

"நான்தான் ஃபோன் பண்ணியிருக்கணும்" என்றாள் குவாசிமாரா. "தப்பு என்மேலதான். வேலையில மறந்துட்டேன்."

"பிள்ளையை மறப்பாங்களா?"

"உன்கிட்ட இருக்கான்னு நிம்மதியா இருந்துட்டேன்."

யுரேனாவின் கை நின்றது. அக்காவின் வாயிலிருந்து 'தப்பு என்மேல' என்பதை அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. நிம்மதி என்ற சொல் வேறு சேர்ந்துகொண்டது. மகனைக் காப்பாற்றச் சொன்ன பொய், மூன்று வருஷமாகத் திறக்காத கதவைத் திறந்துவிட்டது. வாழ்க்கையில் சில சமயம் இப்படியும் நடந்து தொலைக்கிறது.

"இதைச் சொல்ல உனக்கு மூணு வருஷமா?" என்றாள் யுரேனா. குரல் வேறாகியிருந்தது. பக்கத்தில் மணலில் தொப்பென்று உட்கார்ந்தாள். "நானும்தான் இருக்கேனே. ஃபெர்மின் போயிட்டான்னு கேள்விப்பட்ட அன்னிக்கே கப்பல் ஏறியிருக்கணும். ரெண்டு நாள் பையை எடுத்து எடுத்து வெச்சேன். என்ன கௌரவமோ, போ."

"வந்திருந்தா கதவைத் திறந்திருப்பேனான்னு தெரியாது."

"திறந்திருக்க மாட்டே. உன்னை எனக்குத் தெரியாதா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நீளவில்லை, ஆனாலும் சிரித்தார்கள். சனிக்கிழமையிலிருந்து லீவு என்று குவாசிமாரா சொன்னாள்.

"சனிக்கிழமை வா, அக்கா" என்றாள் யுரேனா. "மாசம் முடியற வரைக்கும் இரு. பெட்டி கிட்டி தூக்கிட்டு வராதே, ஐஸ் கொண்டா. உன் இடத்துலதான் உன் பிள்ளை இருக்கான், பெரிய கூடாரம், ரெண்டு பேரும் தாராளமாப் படுக்கலாம்."

"வரேன்" என்றாள் குவாசிமாரா.

காலையில் அவள் கப்பலேறியது 'வா' என்கிற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். கிடைத்துவிட்டது.

*

ஐராம் சித்தப்பாவோடு படகில் மீன்பிடிக்கப் போயிருந்தான். குவாசிமாரா விருந்தினர்களின் துண்டுகளை எடுத்துவைக்க வண்டிக்குப் போனபோது படகு கரை சேர்ந்தது. மார்பு வரை நனைந்தபடி வந்தவன் வண்டியைப் பார்த்தான். வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவளைப் பார்த்தான். கறுத்திருந்தான். தோள் அகன்றிருந்தது. சிரித்துக்கொண்டே வந்தவனின் சிரிப்பு நின்றது.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"தெனெரிஃபேயில கூட்டம் எப்படி?" என்றாள்.

"அம்மா..."

"மூச்சுவிட நேரமில்லேன்னியே. இங்கே கிடைக்குதா?"

அவன் வண்டியின் மறுபக்கம் வந்து, கூடாரங்களிலிருந்து தெரியாதபடி நின்றான். "சித்திகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லலை. நான்தான் அனுப்பினேன்னு ஒத்துக்கிட்டேன்."

ஐராம் தரையைப் பார்த்தான். "ஹோட்டல்ல ரெண்டு வாரத்துல வேலை இல்லேன்னுட்டாங்க."

"வீட்டுக்கு வர வேண்டியதுதானே?"

"அந்த வீட்டுக்கா?"

அவள் ஒரு துண்டை எடுத்து உதறினாள்.

"கோவிச்சுக்காதேம்மா. அப்பா போனதிலேர்ந்து நீ என் மூஞ்சியையே பார்த்துட்டு உக்கார்ந்திருக்கே. நான் சாப்பிட்டாத்தான் சாப்பிடறே. நான் சிரிச்சா, எதுக்குச் சிரிக்கிறான்னு பார்க்கறே. வெளியில கிளம்பினா வாசல்ல வந்து நிக்கறே, ஒண்ணும் சொல்றதில்லே, நிக்கறே. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலை. இங்கே யாரும் என்னைக் கவனிக்கறதே இல்லே. தூங்கறேன், மீன் பிடிக்கறேன். நல்லா இருக்கேன்."

அவன் நல்லாத்தான் இருந்தான். அவளுக்கே தெரிந்தது. தன்னோடு இருந்தபோது அவன் இப்படி இருந்ததில்லை என்பதும் தெரிந்தது.

"சித்தி சனிக்கிழமை என்னை வரச் சொல்லியிருக்கா" என்றாள். "மாசக் கடைசி வரைக்கும்."

ஐராம் தலை நிமிர்ந்தான். அந்த ஒரு கணத்தில் அவன் கண்ணில் வந்துபோனதை அவள் பார்த்துவிட்டாள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"வராதேம்மா" என்றான் மெதுவாக. "இந்த ஆகஸ்ட் மட்டும். சித்திகிட்ட ஏதாவது சொல்லிக்கோ. எனக்காக."

துண்டுகள் மடிக்க மடிக்க நழுவின. கடைசியில் மடிக்காமலே கூடையில் திணித்தாள்.

"தலையைத் துவட்டிக்கோ. காத்துல நிக்காதே" என்றாள்.

*

கப்பலுக்கு நேரமாகிவிட்டது. விருந்தினர்கள் ஈரத் தலையோடு ஏறினார்கள். செவிலிப் பெண்கள் யுரேனாவைக் கட்டிக்கொண்டு அவர்கள் மொழியில் ஏதோ நன்றி சொன்னார்கள். கலீசியாக்காரர் மோஹோவின் செய்முறையை இரண்டாம் தடவை கேட்டார்.

யுரேனா டிரைவர் ஜன்னலுக்கு வந்து கதவின்மேல் கைவைத்தாள். முகம் மலர்ந்திருந்தது. அவளுக்குப் பின்னால் ஐராம், இடைரா.

"காலை முதல் கப்பலுக்கே வந்துடு, அக்கா. வெயில் ஏர்றதுக்குள்ள கூடாரத்தை இழுத்துக் கட்டிடலாம்."

குவாசிமாரா மகனைப் பார்த்தாள். அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சனிக்கிழமை முடியாது போலிருக்கு, யுரே. டூர் போட்டிருக்காங்க. இந்த மாசம் முழுக்கவே வண்டி இருக்கு."

"லீவுன்னியே?"

"மறந்துட்டேன். இப்பத்தான் ஞாபகம் வந்தது."

யுரேனா சற்று நேரம் அவளையே பார்த்தாள். பிறகு கதவிலிருந்து கையை எடுத்தாள்.

"உனக்கு எல்லாமே மறந்துடுது. பிள்ளை மறந்துடுது. இப்ப நான்." அவள் கத்தவில்லை. "பரவாயில்லே. போயிட்டு வாங்க."

முழங்காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு திரும்பி நடந்தாள்.

குவாசிமாரா வண்டியைக் கிளப்பினாள். கண்ணாடியில் தலைகளை எண்ணினாள், எண்ணிக்கை தவறியது, மறுபடி எண்ணினாள். அதே கண்ணாடியில் பின்னால் இருப்பதும் தெரிந்தது. ஐராம் நின்ற இடத்திலேயே நின்றான். இடைரா அவன் முன்னால் வந்து ஏதோ கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். இடைரா வண்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பிறகு தன் அம்மாவின் பின்னால் வேகமாக ஓடினாள். ஓடிப்போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

வேண்டாம் பெண்ணே, அவன் சொன்ன பொய்யைச் சொல்லாதே என்று குவாசிமாராவின் மனம் அடித்துக்கொண்டது. பாதை வளைந்தது. கண்ணாடியில் அப்புறம் புழுதிதான் இருந்தது.

மொரீன் ஈரத் தலைமுடியை விரலால் கோதிக்கொண்டிருந்தாள். "அந்தப் பையன் யாரு? அப்படியே உங்க முகம்."

"அங்கே கூடாரம் போட்டிருக்கற பையன்" என்றாள் குவாசிமாரா.

மொரீன் பாதி வழி வரைக்கும் வேறெதுவும் கேட்கவில்லை. பிறகு, "நான் ஏன் தனியா வந்தேன்னு சொல்லட்டுமா?" என்றாள்.

"சொல்லுங்க" என்றாள் குவாசிமாரா. யாராவது ஏதாவது பேசிக்கொண்டே வந்தால் போதுமென்று இருந்தது.